நெடுஞ்சொல்லும் அழுத்தமும்

ஆங்கில நூலை உரக்கப் படிக்கும் தமிழ் மாணவன், குறுஞ்சொற்களைத் தடையின்றிக் கடந்துவிடுகிறான். நெடிய சொல்லொன்று எதிர்ப்பட்டதும் அவன் நா தயங்குகிறது. அதன் எழுத்துகளை அவன் அறிவான், பொருளையும் அறிவான். எனினும், அவன் ஒலித்த சொல்லை ஆங்கிலேயர் ஒருவர் கேட்டால், இன்ன சொல்லென விளங்காது திகைத்தல் கூடும். அறிந்த சொல்லே கேட்பவர்க்கு அறியாச் சொல்லாவது ஏன்?

நெடுஞ்சொல்லை முதலில் அசையசையாகப் பிரித்தல் வேண்டும். உயிரின் துணையின்றி மெய் இயங்காது என்பதைத் தமிழ் மாணவர் நன்கறிவர். ஆங்கில அசைக்கும் பெரும்பாலும் உயிரொலியே உயிர்நிலை. ஆதலின், கண் காணும் எழுத்துகளை எண்ணாது, காது கேட்கும் உயிரொலிகளை எண்ணுதல் வேண்டும். ‘யூனிவர்சிடி’ என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எழுத 10 எழுத்துகள் வேண்டும். அசைகளோ ஐந்தே: யூ, னி, வர், சி, டி.

பிரித்தறிந்தால் மட்டும் போதாது. அவ்வைந்தனுள் ‘வர்’ என்பதே ஓங்கி ஒலிக்கும். ஏனையவை அடங்கி நிற்கும். இவ்வாறு ஓங்கி ஒலித்தலே அழுத்தம் எனப்படும். தமிழில் அழுத்தத்தின் இடம் மாறுவதால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. எனவே, தமிழ்ச் செவி அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகிறது. ஆங்கிலத்திலோ, ‘ரெக்கார்டு’ என எழுதப்படும் சொல் முதலசையில் அழுத்தம் பெற்றால் பதிவைக் குறிக்கும். இரண்டாம் அசையில் பெற்றால் பதிவு செய்தலைக் குறிக்கும்.

ஒரே குடும்பத்துச் சொற்களிலும் அழுத்தம் ஓரிடத்தில் நிலைத்து நில்லாது. ‘போட்டோகிராப்’ என்பதில் முதலசையும், ‘போட்டோகிராபர்’ என்பதில் இரண்டாம் அசையும், ‘போட்டோகிராபிக்’ என்பதில் மூன்றாம் அசையும் முதன்மை அழுத்தம் பெறுகின்றன. அழுத்தம் இழந்த அசையில் உயிரொலி பலகாலும் தேய்ந்து மங்கும். எழுத்து மாறாதிருக்க ஒலி மாறும் விந்தை இதுவே.

இம்மாற்றத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. ‘ஷன்’, ‘இக்’ என முடியும் சொற்களில் பெரும்பாலும் ஈற்றசைக்கு முன்னுள்ள அசையே அழுத்தம் பெறும். ‘எஜுகேஷன்’ என்பதில் ‘கே’ ஓங்குவதைக் காண்க. விதிக்கு அடங்காத சொற்களுக்கு அகராதியே துணை. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட அகராதியிலேயே அழுத்தக்குறி இடம்பெற்றது. 1917ஆம் ஆண்டில் டேனியல் ஜோன்ஸ் உச்சரிப்பிற்கெனத் தனி அகராதியே வெளியிட்டார்.

அகராதியைப் புரட்டும் மாணவர் பலர் பொருளைக் கண்டதும் அதனை மூடிவிடுகின்றனர். அச்சிறு குறியையும் ஒரு கணம் நோக்குதல் நன்று. பொருளறிந்தவன் சொல்லைத் தனக்கு உரியதாக்கிக் கொள்கிறான். அழுத்தமும் அறிந்தவனோ அதனைப் பிறர் செவியிற் கொண்டு சேர்க்கிறான்.