கோபி மஞ்சூரியனும் இரண்டு தீர்ப்புகளும்

அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காகச் சென்ற ஞாயிறு இரவு லோத்குண்டாவில் ஒரு சீன உணவகத்துக்குக் குடும்பத்தோடு சென்றோம். இடத்தைத் தேர்ந்தவர் அம்மாதான். நெடுங்காலமாக எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர், ஒருநாள் பிறர் சமைத்ததைச் சூடாக உண்ண ஆசைப்பட்டார். முக்கால் மணி நேரக் காத்திருப்புக்குப் பின் வந்தவை: குழம்பில் ஊறித் துவண்ட கோபி மஞ்சூரியன், எண்ணெய் வழியும் ஹக்கா நூடுல்ஸ்.

"இது உண்மையான சீன உணவே அல்ல, அத்தை. சிங்கப்பூருக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்றார் அத்தான். எல்லோரும் தலையசைத்தனர். அம்மா ஒரு துண்டை விண்டு பார்த்துவிட்டு, "பொரித்து வைத்து வெகுநேரம் ஆகியிருக்கிறது" என்றார், அவ்வளவுதான்.

அம்மாவின் தீர்ப்பே சரியானது. சோளமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்த காலிஃபிளவரின் மொறுமொறுப்பு மிகக் குறுகிய ஆயுள் கொண்டது. உள்ளிருக்கும் நீராவியே அதை இளக்கிவிடும். ஆகவே கடும் தீயில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், சோயா சாறு சேர்த்துப் பரிமாறும் கணத்தில்தான் புரட்ட வேண்டும். சோளமாவு சேர்ந்த குழம்பும் ஆறினால் பசைபோல் இறுகும். எங்கள் மேசையில் நிகழ்ந்தது இந்தப் பிழையே; சீனத்தின் மீதான துரோகம் அன்று.

அத்தானின் அளவுகோலில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. மஞ்சூரியன் சீனாவில் பிறந்த பண்டமே அல்லவே! கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரர் நெல்சன் வாங், 1975இல் மும்பையின் இந்தியக் கிரிக்கெட் மன்றத்தில் கோழி மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்லி வந்தார். நம் வீட்டுக் குழம்பைப் போலவே பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயில் தொடங்கி, கரம் மசாலா இடவேண்டிய இடத்தில் சோயா சாற்றை ஊற்றினார் என்பது அவர் கதை. கோபி அதன் சைவத் தம்பி. இதைச் சிங்கப்பூரோடு ஒப்பிடுவது, இட்லியை ரொட்டியோடு ஒப்பிட்டுக் குறை காண்பது போன்றது.

ஹக்கா என்பதும் வெறும் விளம்பரச் சொல் அன்று. ஒரு மக்களின் பெயர். கல்கத்தாவின் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்தவர்கள் பெரும்பாலும் ஹக்கா சீனர்களே. 1962 போரின்போது ஏறத்தாழ 3,000 இந்தியச் சீனர்கள், பெரும்பாலும் அசாமிலிருந்தும் வட வங்கத்திலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டு, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். விசாரணையும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. சிலர் 1967 வரை அங்கேயே இருந்தனர். 'நீ உண்மையான இந்தியன் அல்ல' என்ற தீர்ப்பு அவர்கள் மீது விழுந்தது. அவர்கள் சமூகத்தின் சமையல் மீது 'உண்மையான சீனம் அல்ல' என்ற தீர்ப்பு இன்றும் விழுகிறது.

இந்தியச் சீனர் பலர் பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். டொராண்டோவில் 'ஹக்கா' என்று பெயர்ப்பலகை தாங்கிய உணவகங்கள் இன்று ஏராளம். அங்கே மஞ்சூரியனைத் தேடி வருவோரில் நம்மவர்களும் நிறைய.