ஒன்றாதல் என்னும் குற்றம்

1927ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, கத்தோலிக்க பக்திநூல் வரிசையொன்றில், 'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி' என்னும் நூல் வெளிவந்தது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பொன்றைப் புதுக்கியமைத்த பதிப்பு அது. அச்சிடுவதற்குரிய திருச்சபை அனுமதியும் முறைப்படி பெறப்பட்டிருந்தது. நூலை இயற்றியவர் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பெயரறியாத பிரெஞ்சு அனுபூதிமான் ஒருவர் என்றே குறிக்கப்பட்டிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 1946இல், றொமானா குவார்னியேரி என்னும் இத்தாலிய ஆய்வாளர், வத்திக்கான் நூலகத்து இலத்தீன் ஏடுகளைப் பழைய விசாரணைப் பதிவுகளோடு ஒப்புநோக்கி, அவ்வாசிரியர் யாரென்பதை நிறுவினார். அவர் ஒரு பெண். மார்கரீத் பொரேத் என்பது அவர் பெயர். இதே நூலை எழுதிப் பரப்பிய குற்றத்துக்காக, 1310ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாம் நாள், பாரிஸ் நகரின் கிரேவ் சதுக்கத்தில் அவர் எரிக்கப்பட்டார்.

பெயரோடு வழங்கியபோது தீயிலிடப்பட்ட நூல், பெயர் கழன்றபின் துறவிமடங்களிலே தியானநூலாகப் பயிலப்பட்டு வந்திருக்கின்றது. றிச்சர்ட் மெத்லி என்னும் கார்த்தூசியத் துறவி 1491இல் அதனை ஆங்கிலத்திலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்தார். உலகை முற்றாகத் துறந்த கார்த்தூசியருக்கு அதிலே நஞ்சு எதுவும் தென்படவில்லை. அங்ஙனமாயின் 1310இல் எரிக்கப்பட்டது எது? கருத்தா, அதனைக் கூறிய வாயா?

கிறிஸ்தவ அனுபூதி நெறியைப் படிப்போர் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். இறைவனோடு தான் ஒன்றானதாக எவர் கூறினாலும் திருச்சபை பொறுத்திராது, ஆகவே அனுபூதிமானுக்கும் நிறுவனத்துக்கும் பகை இயல்பானது என்பதே அம்முடிவு. இது வரலாற்றோடு பொருந்துவதன்று. ஒன்றாதல் என்னும் பேச்சு கிறிஸ்தவத்துக்குப் புதிதுமன்று, புறம்பானதுமன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்திலேயே பவுல், ஆண்டவரோடு இணையும் மனிதன் ஆவியில் அவரோடு ஒன்றாவதைப் பற்றிப் பேசுகின்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே கிளேர்வோ மடத்து அதிபராயிருந்த பெர்னார்து அதனை மூன்று உவமைகளால் விளக்கினார்: மதுவிற் கலந்த நீர்த்துளி, தீயிலிட்ட இரும்பு, ஞாயிற்றொளி நிறைந்த காற்று. துளி தன் நிறமும் சுவையும் இழந்து மதுவின் நிறமும் சுவையும் பெறுகின்றது. இரும்பு தீயாகவே தோன்றுகின்றது. இவ்வுவமைகளை எழுதியவரை எவரும் எரிக்கவில்லை. 1174இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஆயின் பெர்னார்து ஓர் எல்லையையும் உடன் வகுத்திருந்தார். தந்தையும் மகனும் பொருளால் ஒன்று. ஆன்மாவும் இறைவனும் அன்பினால், விருப்பத்தின் இசைவினால் ஒன்று. ஆன்மாவின் உண்மை அழிவதில்லை. வேறொரு வடிவில் நிலைபெறுகின்றது. தீப்போற் சுடினும் இரும்பு இரும்பேயாம் என்பது அவர் கருத்து. இந்த எல்லைக்கோட்டை அவர்தம் முதலாவது உவமை தாங்குமா என்பது வேறு கேள்வி. மதுவில் விழுந்த துளியை மீட்டெடுத்துக் காட்ட எவராலும் இயலாது.

மார்கரீத்தை விசாரணைப் பதிவுகள் 'பெகீன்' என அழைக்கின்றன. பிளாந்தர்ஸ் நகரங்களிலும் றைன் நதிக்கரை நகரங்களிலும் துணி நெசவும் வணிகமும் பெருகிய காலத்தில், மணம்புரியாமலும், கன்னியர் மடத்தில் நிரந்தர வாக்குத்தத்தம் கொடாமலும், தம் உழைப்பில் வாழ்ந்து செபத்திலும் நோயாளரைப் பேணுவதிலும் ஈடுபட்ட பெண்களுக்கு வழங்கிய பெயர் அது. கணவனுக்கும் மடத்தலைவிக்கும் கீழ்ப்படாத பெண்ணை எவ்வகையிற் சேர்ப்பதென அக்காலச் சமூகத்துக்கு விளங்கவில்லை. மார்கரீத் இலத்தீனில் எழுதவில்லை. மக்கள் பேசிய பிரெஞ்சிலே, உரையாடல் வடிவில் எழுதினார். அன்பும் அறிவும் ஆன்மாவும் அதிலே பாத்திரங்களாக வந்து பேசுகின்றன. அறிவு திகைத்துத் திகைத்து வினவுகின்றது. அன்பு விடை கூறுகின்றது. ஆன்மாவின் துணிவான பேச்சைக் கேட்டு, ஒரு கட்டத்தில் அறிவு அதிர்ச்சி தாங்காது இறந்தே போகின்றது. நகைச்சுவை உணர்வு அனுபூதிமான்களிடம் அரிதென்போர் இப்பகுதியைப் படித்தல் வேண்டும்.

அந்நூல் கூறும் ஏழு நிலைகளுள் ஐந்தாவதே விரிவாகப் பேசப்படுகின்றது. அந்நிலையில் ஆன்மா, தனக்குக் கொடுக்கப்பட்ட விருப்பத்தைக் கொடுத்தவரிடமே திருப்பி ஒப்படைத்துவிடுகின்றது. சொந்த விருப்பம் என ஒன்று இல்லாமற்போன அதனை மார்கரீத் 'அழிந்த ஆன்மா' என்கிறார். அது சுவர்க்கத்தை வேண்டுவதுமில்லை, நரகத்தை அஞ்சுவதுமில்லை. பூசை, பிரசங்கம், நோன்பு, செபம் என்பவற்றை அது நாடுவதுமில்லை, இகழ்வதுமில்லை. பெர்னார்து விருப்பங்கள் இரண்டின் இசைவைப் பேசினார். மார்கரீத்தின் நூலிலே இசைவதற்கு இரண்டாவது விருப்பமே எஞ்சவில்லை. இவ்விருவருக்குமிடையே உள்ள தூரம் சிறிது, விளைவு பெரிது. இதனோடு அமையாது, அறிவினால் ஆளப்படும் திருச்சபையைச் 'சிறிய திருச்சபை' என்றும், அன்பினால் ஆளப்படும் ஆன்மாக்களின் கூட்டத்தைப் 'பெரிய திருச்சபை' என்றும் அவர் பெயரிட்டார். ஆயர்களும் கலாநிதிகளும் எதனுள் அடங்குவர் என்பதை வாசிப்போர் ஊகிக்கக்கூடியதாகவே இருந்தது.

1306ஆம் ஆண்டுக்கு முன்னரே காம்பிரே ஆயர் வலென்சியேன் நகரில் அந்நூலைப் பகிரங்கமாக எரித்து, அதனை மீண்டும் பரப்பலாகாதெனத் தடை விதித்தார். மார்கரீத் நிறுத்தவில்லை. அறிஞர் மூவரிடம் நூலைக் காட்டி நற்கருத்துப் பெற்றார். அவர்களுள் ஒருவரான, பாரிஸ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற இறையியலாளர் பொந்தேன் ஊர்க் கொட்பிரே கூறியது கவனத்துக்குரியது. அவர் நூலிலே பிழை காணவில்லை. ஆனால் அதனைச் சிலரே பார்த்தல் நன்று, அத்துணை வலிய ஆன்மா எழுதியதை எல்லோரும் எட்டமாட்டார் என்றார். நண்பராக நின்ற ஒருவரே இவ்வாறு கூறினாரெனில், பின்னர் வந்த நீதிபதிகளின் அச்சம் எங்கிருந்து பிறந்தது என்பது தெளிவாகும்.

1308இல் மார்கரீத் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டார். விசாரணைத் தலைவர் வில்லியம் தொமினிக்கன் துறவி. அரசர் நான்காம் பிலிப்பின் ஆன்ம குரு. தேவாலய வீரர் சபையினரை அழிக்கும் வழக்குகளும் அவர் கையிலேயே இருந்தன. அச்சபையினர் 54 பேர் 1310 மே 12இல் பாரிசின் புறத்தே எரிக்கப்பட்டனர். அரசரின் பக்தியையும் அதிகாரத்தையும் தீயினால் நிறுவிக்காட்டிய அந்த இளவேனிலிலேதான் பெகீன் பெண்ணின் வழக்கும் முடிவுக்கு வந்தது.

நூலிலிருந்து பிரித்தெடுத்த வாக்கியங்கள் சில இறையியலாளர் 21 பேரின் முன் வைக்கப்பட்டன. ஏப்பிரல் 11ஆம் நாள் அவர்கள் அவற்றைப் பதிதம் எனத் தீர்த்தனர். அவ்வாக்கியங்களுள் ஒன்று, அழிந்த ஆன்மா இயற்கை கேட்பதை மனச்சாட்சியின் உறுத்தலின்றி அதற்குக் கொடுக்கலாம் என்பது. தனித்து நோக்கின் ஒழுக்கக் கேட்டுக்கு வழிதிறக்கும் கூற்றுத்தான். நூலிலோ அடுத்த தொடரிலேயே, அத்தகைய ஆன்மாவின் இயற்கை நன்கு ஒழுங்குற்றதாதலின் தகாத எதனையும் அது கேளாது என்று விளக்கப்பட்டுள்ளது. அத்தொடர் நீதிபதிகள் முன் செல்லவில்லை. முழுநூலைப் படிப்பவன் ஒருவனையும், வெட்டியெடுத்த வரியைப் படிப்பவன் ஒருவனையும் ஒரே நூலைப் படித்தவர்கள் எனக் கொள்ள இயலாது.

மார்கரீத் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்தார். ஒன்றரை ஆண்டுச் சிறைவாசத்தின்போதும் வினாக்களுக்கு அவர் விடை கூறவில்லை. அவருக்காகப் பரிந்து முன்வந்த குயார் என்னும் மனிதர், தாமும் தீயை எதிர்நோக்கியபோது பணிந்து ஆயுட்சிறையை ஏற்றார். மார்கரீத் பணியவில்லை. இதனைப் பிடிவாதம் என்றே பதிவுகள் குறிக்கின்றன. நூலைப் படித்தவர்க்கு வேறொன்று தோன்றலாம். தன் விருப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதிய ஒருவர், தன்னைக் காத்துக்கொள்ளும் வாதத்தை யார் பொருட்டுத் தொடங்குவது? அவர் இறந்த விதத்தைக் கண்டு கூட்டத்திற் பலர் கண்ணீர் உகுத்தனர் என அக்காலத்து வரலாற்றுக் குறிப்பொன்று கூறுகின்றது. அதனை எழுதியவர் அவருக்கு ஆதரவானவர் அல்லர்.

அடுத்த ஆண்டு, 1311இல், அதே பாரிஸ் நகருக்கு, விசாரணைத் தலைவர் வில்லியம் சார்ந்திருந்த அதே தொமினிக்கன் மடத்துக்கு, ஜேர்மன் நாட்டு இறையியலாசான் எக்கார்ட் கற்பிக்க வந்துசேர்ந்தார். இரண்டாம் முறையாகப் பேராசிரியர் இருக்கை அளிக்கப்பெறுதல், அவருக்கு முன்னர் தோமஸ் அக்குவைனாசுக்குக் கிட்டிய அரிய மதிப்பு. பின்னாளில் எக்கார்ட் ஸ்ற்றாஸ்பேர்க், கொலோன் நகரங்களில் ஆற்றிய ஜேர்மன் மொழிப் பிரசங்கங்களில் மார்கரீத்தின் நூற்சாயலை ஆய்வாளர் பலர் காண்கின்றனர். எதனையும் விரும்பாத, எதனையும் அறியாத, எதனையும் உடையனல்லாத வறியவனைப் பற்றி அவர் நிகழ்த்திய பிரசங்கத்தில் அது வெளிப்படையாகவே தெரிகின்றது. எரிக்கப்பட்ட பெண்ணின் சிந்தனை, எரித்தவர்களின் சபையைச் சேர்ந்த பேரறிஞர் ஒருவரின் வாயிலாக மீண்டும் மக்கள் மொழியில் ஒலித்தது எனலாம்.

1326இல் கொலோன் பேராயர் எக்கார்டின்மீது வழக்குத் தொடுத்தார். எக்கார்ட் மௌனம் சாதிக்கவில்லை. வரிக்கு வரி விளக்கம் எழுதினார். தவறுதல் அறிவைச் சார்ந்தது, பதிதம் விருப்பத்தைச் சார்ந்தது. ஆகவே தாம் தவறக்கூடுமேயன்றிப் பதிதராக இயலாது என்பது அவர் வாதம். பாப்பரசரிடம் முறையிட அவிஞ்ஞோன் சென்றவர், தீர்ப்பு வருமுன்னர் 1328இல் காலமானார். 1329 மார்ச் 27இல் வெளிவந்த பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவானின் ஆணைமடல், 28 கூற்றுக்களை எடுத்து, 17ஐப் பதிதம் சார்ந்தவை எனவும், 11ஐப் பல விளக்கங்களோடு பொறுத்துக்கொள்ளத்தக்கவை எனவும் வகுத்தது. நற்கருணையிலே அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுவதுபோல் மனிதன் இறைவனாக மாற்றப்படுகின்றான் என்பது தண்டிக்கப்பட்டவற்றுள் ஒன்று. பெர்னார்தின் இரும்பு இங்கே இரும்பாக எஞ்சவில்லை. எனினும் அம்மடலில் இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, இக்கருத்துக்களை எக்கார்ட் கல்வியறிவற்ற பொதுமக்கள் முன்னிலையிலே போதித்தார் என்னும் குறை. இலத்தீன் வகுப்பறைக்குள் விவாதமாக நின்றிருக்கக்கூடியது, கொலோன் நகரத்து நெசவாளன் செவியிற் பட்டபோது குற்றமாயிற்று.

இதனால் எல்லாம் மொழியும் வர்க்கமும் பற்றிய சிக்கலே, ஒன்றாதல் வெறும் சாக்கு என முடிவுகட்டுவாரும் உளர். அது பாதி விளக்கமே. நீதிபதிகள் அஞ்சியதில் ஒரு பொருள் இருந்தது. இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் இடையே இடைவெளியே இல்லையாயின், அவ்விடைவெளியைக் கடப்பதற்கென அமைந்த குருத்துவமும் திருவருட்சாதனங்களும் எதன் பொருட்டு? இந்த வினாவை எக்கார்ட் தம் பிரசங்கம் ஒன்றில் வேறு திசையிலிருந்து அணுகுகின்றார். லூக்கா நற்செய்தியிலே இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்கும் மரியாளும், பணிவிடையில் அலையும் மார்த்தாளும் வருகின்றனர். மரியாள் தியானத்தின் உருவம், ஆகவே உயர்ந்தவள் என்பதே வழிவழி வந்த விளக்கம். எக்கார்ட் அதனைத் தலைகீழாக்கினார். மரியாள் இன்னும் கற்கும் நிலையில் இருப்பவள், இனிமையில் மூழ்கி அங்கேயே தங்கிவிடுவாளோ என்ற கவலையினாலேயே மார்த்தாள் அவளை எழுப்பச் சொல்கிறாள், முதிர்ந்தவள் மார்த்தாளே. இளந்துறவியருக்கு அவர் வழங்கிய அறிவுரையிலும் இதே குரல் கேட்கின்றது. பரவசத்தில் இருக்கும் ஒருவன், நோயாளி ஒருவனுக்குக் கஞ்சி தேவையென அறிந்தால், பரவசத்தை விட்டெழுந்து கஞ்சி கொடுத்தலே மேல் என்றார் அவர். ஒன்றாதலை மயக்கமாகவும் செயலின்மையாகவும் கொள்வோர்க்கு இப்பகுதிகள் இடையூறாகவே இருக்கும்.

இங்கு ஒரு சிறு எச்சரிக்கை பொருந்தும். 1926இல் ஜேர்மன் அறிஞர் றுடோல்ப் ஒட்டோ, எக்கார்டையும் சங்கரரையும் ஒப்பிட்டு நூலொன்று எழுதினார். அவர் வேற்றுமைகளையும் நுணுகிக் கண்டவர். ஆனால் அவரைப் பின்பற்றிய பலர், எக்கார்டிடமிருந்து ஒரு வரியையும் உபநிடதத்திலிருந்து ஒரு வரியையும் அருகருகே வைத்து, எல்லாம் ஒன்றே என மகிழ்ந்தனர். சைவசித்தாந்தம் பயின்றோர் 'அத்துவிதம்' என்ற ஒரு சொல்லின்மேல் எத்தனை வாதங்கள் எழுந்தன என்பதை அறிவர். வரியை வெட்டியெடுத்துத் தண்டித்தல் ஒருவகை. வெட்டியெடுத்துப் புகழ்தல் மற்றொருவகை. வெட்டப்படுவது இரண்டிலும் நூலே.

1980இல் தொமினிக்கன் சபையின் பொதுப்பேரவை எக்கார்டின் பெயரை மீட்பது பற்றி ஆராயத் தொடங்கியது. தண்டிக்கப்பட்டவை சில கூற்றுக்களேயன்றி அவர் அல்லர், ஆதலால் மீட்க வேண்டியது எதுவுமில்லை என்பதே பின்னர்க் கிடைத்த விளக்கம். மார்கரீத்தைப் பொறுத்தவரை அவ்வாறு கூற வழியில்லை. அவர்தம் வழக்கின் ஆவணங்கள் பாரிசிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. விசாரணைத் தலைவரின் சொற்களும் இறையியலாளரின் தீர்ப்பும் அவற்றில் உள. மார்கரீத் நீதிமன்றத்திற் கூறியதாக ஒரு வாக்கியமும் இல்லை. அவரது பிரெஞ்சு நூலின் முழுமையான ஏடு ஒன்று மட்டும் எஞ்சி, இன்று சாந்தியி நகரத்து அரும்பொருட்சாலையிற் பேணப்படுகின்றது. அவர் இறந்து நூற்றாண்டுக்கு மேலான பின்னர் படியெடுக்கப்பட்டது அது. ஓர்லெயான் நகருக்கு அருகிலிருந்த கன்னியர் மடமொன்றின் பெண்கள் அதனைத் தம் உடைமையாக வைத்திருந்து வாசித்திருக்கின்றனர். ஆசிரியர் பெயர் அதில் இல்லை.