தந்தையாரின் கணக்குக் கருவி

சென்ற கோடையில் எங்கள் பழைய வீட்டின் பரணைத் தூய்மை செய்தேன். அங்கிருந்த இரும்புப் பெட்டியில், காலஞ்சென்ற என் தந்தையாரின் பொருள்கள் சில கிடைத்தன. 'ஸ்லைடு ரூல்' என்னும் கணக்குச் சட்டம் ஒன்று. கிழிந்த மடக்கை அட்டவணை ஒன்று. அவற்றின் அடியில், நான் மறந்தே போயிருந்த அவருடைய கணக்குக் கருவி. அதன் உறையினுள் சிறு சீட்டு ஒன்று இருந்தது. "2.02 சரி" என்பது மட்டுமே அதில் எழுதப்பட்டிருந்தது. அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அக்கருவியின் பெயர் எச்.பி.-35. அமெரிக்காவின் ஹியூலெட் பாக்கார்டு நிறுவனம் அதனை 1972-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மடக்கை, முக்கோணவியல் ஆகிய கணக்குகளைச் செய்யவல்ல கையடக்கக் கருவிகளுள் அதுவே முதலாவது. சட்டைப் பையில் அடங்குமாறு அது அமைதல் வேண்டும் என்பது நிறுவனருள் ஒருவரான வில்லியம் ஹியூலெட்டின் விருப்பம். 35 பொத்தான்கள் உடைமையால் அப்பெயர் பெற்றது. அன்றைய விலை 395 டாலர். அது தோன்றிய சில ஆண்டுகளில், பொறியாளர் கைகளிலிருந்து கணக்குச் சட்டம் மறையத் தொடங்கியது.

அத்தகைய கருவியிலும் ஒரு பிழை இருந்தது. 2.02 என்னும் எண்ணுக்கு இயல் மடக்கை கண்டு, வந்த விடைக்கு எதிர்மடக்கை கண்டால், மீண்டும் 2.02 வருதல் வேண்டும். தொடக்கத்தில் விற்கப்பட்ட கருவிகளோ 2 என்று விடை கூறின. நூற்றில் ஒரு பங்கே பிழை. எனினும் நிறுவனம் அதனை மறைக்கவில்லை, வாங்கியோர்க்கு அறிவித்தது, பிழையைத் திருத்தித் தரவும் முன்வந்தது.

இவற்றைப் படித்தறிந்தபின் சீட்டின் பொருள் தெளிவாயிற்று. தந்தையார் பாலங்கள் அமைக்கும் பொறியாளர். 1974-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் அக்கருவியை அவருக்கு அளித்தார். பிழையைப் பற்றியும் அவரே கூறியிருத்தல் கூடும். தந்தையார் கருவியைச் சோதித்துப் பார்த்த பின்னரே அதனை நம்பியிருக்கிறார்!

நான் சிறுவனாயிருந்தபோது அதனைக் கேட்பேன். "விடை ஏறத்தாழ எவ்வளவு வரும்? முதலில் அதைச் சொல், பிறகு தருகிறேன்" என்பார். கருவியைத் தர மனமில்லாமல் அவ்வாறு கூறுகிறார் என்று எண்ணி நான் சினந்ததுண்டு.

புதிய மின்கலங்களை இட்டேன். சிவந்த எண்கள் மீண்டும் ஒளிர்ந்தன. நானும் 2.02-ஐச் சோதித்தேன், அப்பிழை அதில் இல்லை. அவர் அமைத்த பாலத்தின்மேல் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் நடந்து செல்கின்றனர். விடை கூறுவது கருவியே ஆயினும், அவ்விடைக்குப் பொறுப்பேற்க வேண்டியவன் மனிதன் அல்லனோ? நான் தவறாக எண்ணிச் சினந்த அந்நாள்களை நினைத்து, அச்சீட்டை இருந்த இடத்திலேயே மடித்து வைத்தேன்.