ஊரறிந்த சாவி

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிற எழுத்தாளன் அருவியைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. ஐந்தருவியின் அழகையும் பழைய அருவியின் கூட்டத்தையும் எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்கள் அலுத்துவிட்டார்கள். ஆகையால் இந்தத் தடவை தென்காசியில் உள்ள ஓர் அடகுக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி வந்த பிறகு தென்காசிப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் இவன் அங்கே இல்லை. சின்னக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்கிறவன். அடகுக் கடை அண்ணாச்சி பழைய யந்திரத்தைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கியிருந்தார். யாருடைய சங்கிலி எத்தனை கிராம், எந்தத் தேதியில் எவ்வளவு ரூபாய்க்கு வைத்தது என்கிற பேரேடு முழுவதும் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தளத்தில் இருந்தது. அதை இடம் மாற்றுகிற ராத்திரியில் நானும் கூட இருந்தேன். வெளியே தூறல்; எனக்கு வேறு வேலையும் இல்லை.

இந்தத் தரவுத்தளத்துக்குள் பிறவியிலேயே ஒரு சர்வாதிகாரி உட்கார்ந்திருக்கிறார். 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைச் சுருக்கி 'எஸ்.ஏ.' என்று அவருக்குப் பெயர். அந்த இரண்டு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் 'ஸ' என்று வருகிறது. சங்கீதக்காரர்களுக்கும் எல்லாம் அங்கேதான் ஆரம்பம்! இவர் எதையும் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். எந்த ஊரில் அமைத்தாலும் பெயர் ஒன்றேதான். திருட வருகிறவனுக்கு விடுகதையில் பாதி முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மற்றப் பாதிதான் கடவுச்சொல். அந்தக் கடையில் அது என்ன தெரியுமா? மென்பொருள் செய்து கொடுத்த கம்பெனியின் பெயர், பின்னால் ஒரு 123.

"இது பரவாயில்ல மாமா. எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல இன்னும் மூணு கடையில இதே சொல்லுதான்" என்றான் பையன்.

இது கம்ப்யூட்டரோடு பிறந்த வியாதி என்று நினைக்கவேண்டாம். அணுகுண்டு செய்த லாஸ் அலமாஸில் ரிச்சர்ட் ஃபெயின்மன் என்ற விஞ்ஞானிக்குப் பெட்டகங்களைத் திறந்து பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. தொழிற்சாலையில் 25-0-25, அல்லது 50-25-50 என்று வைத்து அனுப்பிய எண்ணை வாங்கியவர்கள் பலர் மாற்றவே இல்லை என்று பூட்டுக்காரர் ஒருவர் மூலம் அவருக்குத் தெரிந்தது. முயன்று பார்த்ததில் ஐந்துக்கு ஒன்று திறந்துகொண்டதாம். அணுகுண்டு ரகசியத்துக்கே அந்தக் கதி.

எஸ்.ஏ.க்குப் பழைய நாளில் கடவுச்சொல்லே இல்லாமல் விட்டுவிடலாம். 2002 மே மாதத்தில் ஒரு கிருமி நிரல் இப்படி வெறுமையாக விடப்பட்ட சர்வர்களைத் தேடித் தேடிப் புகுந்து, உள்ளே கிடைத்ததை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆரக்கிள் தரவுத்தளத்தில் ரொம்ப காலம் 'ஸ்காட்' என்ற பெயருக்கு 'டைகர்' என்பது கடவுச்சொல். கம்பெனியின் ஆரம்ப கால ஊழியர் ஒருவரின் வீட்டுப் பூனையாம் அந்தப் புலி! களக்காடு முண்டந்துறைப் புலிகள் இதைக் கேட்டால் வருத்தப்படும். 2017 ஜனவரியில் கதவே பூட்டாமல் கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோ டி.பி. தரவுத்தளங்களைத் துடைத்துவிட்டு, பிட்காயின் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துப் போனார்கள். இப்போது கம்பெனிகளுக்குப் புத்தி வந்திருக்கிறது. 2015-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.7 அமைக்கும்போதே தலைமைக் கணக்குக்குத் தாறுமாறான ஒரு தற்காலிகச் சொல்லைத் தானே உண்டாக்குகிறது. எஸ்.க்யூ.எல். சர்வரிலும் விண்டோஸ் கணக்கு மட்டும் போதும் என்றால் எஸ்.ஏ. முடங்கியே கிடப்பார். பழைய மென்பொருள்கள்தான் அவரைத் தட்டி எழுப்புகின்றன.

அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. "தம்பி, பத்து வருஷமா ஓடுது. ஆவணி முகூர்த்தம் வருது. நாளைக்கு நகை திருப்ப ஆள் வந்து நிக்கும்போது கணக்கு வரலேன்னா என் மானம் போயிரும்."

அவர் பயமும் நியாயம்தான். கடவுச்சொல் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் மாற்றி, மறுபக்கம் விட்டால் கடை நின்றுவிடும்.

"அண்ணாச்சி, இரும்புப் பெட்டிய வெளியாளு ஒருத்தன் தொட விடுவீங்களா? இங்க 24 கிராம ஒருத்தன் 16 ஆக்கிட்டுப் போனா யாருக்குத் தெரியும்? ரசீதத் தொலைச்சுட்டு வர்ற ஆச்சிக்கு இந்தப் பேரேடுதானே சாட்சி?"

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செய்யி" என்றார்.

பையன் முதலில் தன் பெயரில் ஒரு நிர்வாகக் கணக்கும் அண்ணாச்சி மகன் பெயரில் ஒன்றும் உண்டாக்கினான். இரண்டிலும் நுழைந்து பார்த்த பிறகுதான் எஸ்.ஏ.யைத் தொட்டான். இந்த வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்தால் வீட்டுக்காரனே வெளியே நிற்கவேண்டியதுதான். கடை மென்பொருளுக்குத் தனிக் கணக்கு: பேரேட்டில் எழுதலாம், படிக்கலாம், பேரேட்டையே அழிக்க முடியாது. எஸ்.ஏ.க்கு நீளமான புதுச்சொல் ஒன்றை வைத்து அவரை முடக்கினான். பெயரையும் மாற்றலாமே என்றேன். மாற்றலாமாம், ஆனாலும் உள்ளே அவருடைய அடையாள எண் 1-ஆகவே இருக்குமாம். வேஷம் மாறும், ஆள் மாறமாட்டார்.

பழைய யந்திரத்தின் பதிவேட்டையும் காட்டினான். 1433-ஆம் எண் வாசல் இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்திருக்கிறது. எங்கெங்கோ இருந்து எஸ்.ஏ. பெயரைச் சொல்லித் தட்டியவர்கள் பக்கம் பக்கமாக இருந்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த வாசலையும் அடைத்தான். தோற்றவர்களைத்தான் அந்த ஏடு எழுதி வைத்திருந்தது. சரியான சொல்லோடு வந்தவன் எவனாவது உண்டா என்பதற்கு அதில் பதில் இல்லை.

மறுநாள் காலை புதுப் பதிவேட்டிலும் ஒரு தட்டல். ராத்திரி இரண்டு மணிக்கு, அதே எஸ்.ஏ. பெயரில். அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது. பையன் விலாசத்தைப் பார்த்துச் சிரித்தான். தட்டியது அந்தக் கம்ப்யூட்டரேதான். ராத்திரி தோறும் நகல் எடுக்கும் கட்டளைக் கோப்பு ஒன்று பழைய சொல்லைச் சுமந்துகொண்டு கூடவே குடிவந்திருந்தது! அதற்கும் ஒரு தனிக் கணக்குக் கொடுத்து, விட்டுப்போன நகலைக் கடை திறப்பதற்குள் எடுத்தாயிற்று.

எஸ்.ஏ.யின் புதுச்சொல்லை எழுதி உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். "கடையில வேண்டாம், பாங்க் லாக்கர்ல என் வளையலோட இருக்கட்டும்" என்று அவர் சம்சாரம் அதை வாங்கிக்கொண்டார். பையன் அன்றே மற்ற மூன்று கடைகளுக்கும் மோட்டார் சைக்கிளை விட்டான். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாமவர் முகூர்த்தம் கழியட்டும் என்று சொல்லிவிட்டார்.