நானும் ஓர் அடைக்கோழி

கல்யாணமாகி நாலு வருஷம். "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்காத சொந்தக்காரர் ஊரில் பாக்கியில்லை. மனைவிக்கு ஸ்கேன், கஷாயம், ராமேஸ்வரம் எல்லாம் ஆனது. என்னையும் பரிசோதிக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். மீசை இருக்கிறதே!

ஐந்தாம் வருஷம் ஒரு லேடி டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தலைவலி உண்டா ஸார்?"

உண்டு.

"ஆசை?"

மனைவி ஜன்னலைப் பார்த்தாள். "ஆபீஸ் டென்ஷன்..." என்று இழுத்தேன். ரத்தம் எடுத்தார்கள். புரொலாக்டின் எகிறியிருந்தது.

"அது பால் சுரக்கிற ஹார்மோன் இல்லையா டாக்டர்?"

"ஆம்பளைக்கும் உண்டு. கொஞ்சமா இருக்கணும்."

பி.காம். படித்தவனுக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு ஹெட் ஆபீஸ். ஒன்றரை, இரண்டு மணிக்கொரு தரம் அங்கிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற சர்க்குலர் கிளம்பும். பட்டாணி சைஸ் பிட்யூட்டரி அதைப் படித்துவிட்டு எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்பும். அப்புறம்தான் கீழே பிராஞ்சில் வேலை. மீன், தவளை, கோழி, மனுஷன், முதுகெலும்புள்ள எல்லாருக்கும் கிட்டத்தட்ட இதே நிர்வாகம்தான். சர்க்குலர் விட்டுவிட்டு வரவேண்டும். நிற்காமல் வந்தால் பிட்யூட்டரி கண்டுகொள்வதை நிறுத்திவிடும். (நம் ஆபீஸ்களிலும் அப்படித்தான்.) பத்தே அமினோ அமிலம் கொண்ட அந்த சர்க்குலரை 1971-ல் படித்து முடிக்க, ஷேலி என்பவரின் குழு லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளின் ஹைபோதலாமஸைச் சேகரித்தது. 1977-ல் நோபல்.

புரொலாக்டின் ஏறினால் சர்க்குலர் குறைந்துவிடும். என் பிட்யூட்டரியில் 6 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டி, அதைச் சுரந்துகொண்டிருந்தது. புற்று இல்லை என்றார்கள். உயிர் வந்தது.

எனக்குப் பாட்டி வீட்டு அடைக்கோழி ஞாபகம். முட்டை மேல் உட்கார்ந்துவிட்டால் அதற்கும் புரொலாக்டின் ஏறும், முட்டையிடுவது நின்றுபோகும். பாட்டி அதைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுப்பாள். நல்லவேளை, எனக்கு மாத்திரைதான். கேபர்கோலின், வாரம் இரண்டு தரம், பாதி பாதி. புரொலாக்டினை அடக்கி வைக்க மூளையே வைத்திருக்கும் ஆள் டோபமைன். மாத்திரை அந்த வேலையைப் பார்க்கிறது.

ஆறு மாசத்தில் அளவு இறங்கிவிட்டது. தலைவலி போயிற்று. விசேஷம் இன்னும் இல்லை.

அத்தனை கஷாயத்துக்கும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். பேசாமல் உள்ளே போனாள். பொடி கொஞ்சம் மிச்சமிருந்ததாம். கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள்.

முழு டம்ளரும் குடித்தேன்.