ரசீது கொடுக்கும் அவசரம்

ஒரு அலுவலகத்தில் ஒரு காசாளர். பணத்தை வாங்கியதும் சட்டென்று ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். பேரேட்டில் பதிவதெல்லாம் அப்புறம்தான். வவுச்சர்களை மேசை இழுப்பறையில் போட்டு வைத்து, கூட்டம் குறைந்த பிறகு மொத்தமாக எழுதுவார். வரிசை மளமளவென்று நகரும்.

பக்கத்து அலுவலகத்தில் இன்னொரு காசாளர். பேரேட்டில் எழுதி, மை காய்ந்த பிறகுதான் ரசீது. வரிசை வாசல் வரை நிற்கும்.

இருவரில் யார் நல்ல காசாளர்? வணிகவியல் மாணவர்களைக் கேட்டால் யோசிக்காமல் இரண்டாமவரைச் சொல்வார்கள், தேர்வுத்தாளில்! வரிசையில் நிற்கும்போது எல்லோருக்கும் முதலாமவரைத்தான் பிடிக்கும் :-)

கணினிகளுக்குள்ளும் இப்படி ஒரு காசாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர். சர்வருக்கும் அதன் வன்தட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் ஒரு அட்டை. 'இதை எழுதி வை' என்று சர்வர் கொடுப்பதை வாங்கி, தட்டில் எழுதி, 'ஆயிற்று' என்று பதில் சொல்வது அதன் வேலை. அந்தப் பதில்தான் ரசீது.

வேகத்துக்காக அட்டையிலேயே கொஞ்சம் நினைவகம் வைத்திருப்பார்கள். இதுதான் கேஷ். தரவை கேஷில் போட்டவுடனே 'ஆயிற்று' என்று சொன்னால் அது ரைட்-பேக். தட்டில் எழுதிய பிறகுதான் சொல்வேன் என்றால் அது ரைட்-த்ரூ. முதலாவது இழுப்பறைக் காசாளர், இரண்டாவது பேரேட்டுக் காசாளர். அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்சாரம் போனால் இழுப்பறையில் கிடந்த வவுச்சர்களின் கதி? அதற்காகத்தான் நல்ல கன்ட்ரோலர்களில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் திரும்பும் வரை கேஷைக் காப்பாற்றும். தனியாக நிற்கும் ஒரு சர்வருக்கு இந்த ஏற்பாடு பல வருடங்களாக நன்றாகவே உழைத்தது. பல தட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ரெய்டு முறையை 1988-ல் பெர்க்லியில் இருந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் கட்டுரையாக எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த ரெய்டு அட்டைகளில் கன்ட்ரோலர்தான் ராஜா. எந்தத் தட்டில் எதை எழுதுவது, தட்டு செத்தால் எப்படி மீட்பது எல்லாம் அதன் பொறுப்பு.

சரி, சிக்கல் எங்கே வந்தது?

க்ளஸ்டர் வந்தபோது. மூன்று நான்கு சர்வர்களின் தட்டுகளை மென்பொருளே ஒன்றாகச் சேர்த்து, மெய்நிகர் கணினிகளுக்கு ஒரே சேமிப்பிடமாகக் காட்டும் முறை இது. விஎம்வேரின் விசான் 2014 மார்ச்சில் வெளிவந்தது. ஸெஃப் அதற்கும் மூத்தது. இங்கே ஒரு தரவின் இரண்டு அல்லது மூன்று பிரதிகள் வெவ்வேறு சர்வர்களில் எழுதப்படும். எது எங்கே இருக்கிறது, எது செத்தது, எதைத் திரும்பக் கட்டவேண்டும் என்பதெல்லாம் மென்பொருளின் கணக்கில் இருக்கும். வேகத்துக்கு எஸ்எஸ்டியைக் கேஷாக வைத்துக்கொள்வதும் அந்த மென்பொருள்தான்.

ஆக, மேலே ஒரு கணக்காளர் வந்துவிட்டார். கீழே இருக்கும் காசாளரோ இன்னமும் தன் இழுப்பறையை விடவில்லை. ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்று தணிக்கை படித்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கன்ட்ரோலரின் கேஷ் காலியாக இருக்கும்வரை எல்லாம் பறக்கும். அது நிரம்பிய நொடியில் வேகம் தட்டின் உண்மையான வேகத்துக்கு விழும். மேலே இருக்கும் மென்பொருளுக்கு ஏன் விழுந்தது என்று தெரியாது. பேட்டரி பழுதானால் பல கன்ட்ரோலர்கள் தாமாகவே ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். நேற்று வரை ஓடிய சர்வர் இன்று நொண்டும். ரெய்டு முகமூடிக்குப் பின்னால் தட்டின் உடல்நிலையும் மென்பொருளுக்குச் சரியாகத் தெரியாது.

அதனால்தான் விசானுக்கான பரிந்துரை எளிமையானது. முடிந்தால் பாஸ்-த்ரூ, அதாவது கன்ட்ரோலர் குறுக்கே பேசாமல் தட்டுகளை அப்படியே காட்டவேண்டும். அது முடியாத அட்டையென்றால் ஒவ்வொரு தட்டையும் தனித்தனி ரெய்டு 0-ஆக வைத்து, கேஷை அணைக்கவேண்டும். அணைக்கவே முடியாவிட்டால் முழுவதையும் வாசிப்புக்கு மட்டும் ஒதுக்கவேண்டும். பேட்டரியுள்ள ரைட்-பேக் சில இடங்களில் சோதனை எண்களைக் கூட்டிக் காட்டும் என்பதும் உண்மைதான். ஆனால் கடன் விற்பனையை எல்லாம் ரொக்கம் என்று எழுதினாலும்தான் கல்லா நிறைந்ததுபோல் தெரியும்!

இனி இரண்டாவது விஷயம், வரிசை. ஒரே சமயத்தில் எத்தனை வேலைகளைக் கன்ட்ரோலர் கையில் வாங்கிக்கொள்ளும் என்பதை க்யூ டெப்த் என்பார்கள். இங்கே ஒரு பழைய சூத்திரம் உதவும். 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தது. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை = வரும் வேகம் × ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் நேரம். வங்கி வரிசைக்கும் இதுதான், வன்தட்டுக்கும் இதுதான்.

க்யூ டெப்த் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு 1 மில்லிசெகண்ட் ஆனால் நொடிக்கு 25,000 வேலைகள் முடியும். அடேயப்பா, போதுமே என்று தோன்றும். அதுவே 20 மில்லிசெகண்ட் ஆனால்? வெறும் 1,250. மூன்று டஜன் மெய்நிகர் கணினிகள் பங்குபோட வேண்டிய 1,250.

இது கற்பனைக் கணக்கு இல்லை. 2014-ல் உண்மையாகவே நடந்தது. ஆதரவுப் பட்டியலில் இருந்த, விலை குறைந்த ஒரு கன்ட்ரோலரின் க்யூ டெப்த் சரியாக 25. அதை வைத்துக் கட்டிய ஒரு விசான் க்ளஸ்டர் சாதாரண நாட்களில் ஓடிக்கொண்டிருந்தது. பிரதிகளைத் திரும்பக் கட்டும் வேலை தொடங்கியதும் மெய்நிகர் கணினிகள் மொத்தமும் திணறி நின்றன. வேகமான எஸ்எஸ்டியும் மெதுவான வன்தட்டுகளும் அந்த 25 இடங்களையே பங்குபோடவேண்டும். மீட்பு வேலை இடத்தைப் பிடித்துக்கொண்டால் அன்றாட வேலை வாசலில் நிற்கவேண்டியதுதான். அந்த நிர்வாகி பட்டியலைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார் என்பதுதான் வேதனை. பிறகு விஎம்வேர் அந்த மாதிரி அட்டைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, குறைந்தது 256 வேண்டும் என்று வைத்தது.

அதற்காக வரிசையை நீட்டிக்கொண்டே போவதும் மருந்தல்ல. கவுண்டர் ஒன்றே ஒன்று என்றால், நாற்காலி எத்தனை போட்டாலும் காத்திருப்புதான் கூடும். சுழலும் வன்தட்டுக்கு நீண்ட வரிசையால் பெரிய லாபமில்லை. லாபமெல்லாம் எஸ்எஸ்டிக்குத்தான்.

மெய்நிகர் கணினிக்குள்ளேயும் ஒரு பொய்க் கன்ட்ரோலர் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விஎம்வேரில் எல்எஸ்ஐ லாஜிக் எஸ்ஏஎஸ் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தட்டுக்கு 32. பாராவிர்ச்சுவல் ஸ்கஸி என்றால் இயல்பாக 64, மாற்றினால் 254 வரை. ஒரு மெய்நிகர் கணினிக்கு இப்படி நான்கு கன்ட்ரோலர்கள் வைக்கலாம். தரவுத்தளத்தின் கோப்புகளையும் பதிவேட்டையும் வெவ்வேறு கன்ட்ரோலரில் வைத்தாலே நெரிசல் குறையும். கீழே பெரிய சாலை போட்டுவிட்டு வீட்டு வாசலில் சந்து வைத்திருந்தால் யாருக்கு என்ன பயன்?

இன்றைக்கு இந்தக் காசாளரின் வேலையே போய்க்கொண்டிருக்கிறது. 2011-ல் வந்த என்விஎம்இ முறையில் தட்டு நேராகவே சர்வரோடு பேசும். சுமார் 65,000 வரிசைகள், ஒவ்வொன்றிலும் அதே அளவு இடங்கள் என்பது அதன் உச்ச வரம்பு. 2022-ல் வந்த விசான் 8-ன் புதிய கட்டமைப்பு என்விஎம்இ தட்டுகளைத்தான் கேட்கிறது. நடுவில் ரெய்டு அட்டையே கிடையாது. ஆனாலும் பழைய அட்டைகள் எத்தனையோ சர்வர் அறைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளவும் யாரோ ஒருவர் இரவில் கண்விழிக்கிறார்.

அவர் செய்யவேண்டிய சோதனை ஒன்றுதான். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் வேகத்தை அளந்து மகிழ்ந்தால் போதாது. ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, பிரதிகள் திரும்பக் கட்டப்படும் நேரத்தில் அளக்கவேண்டும். விசான் காணாமல் போன சர்வருக்காக இயல்பாக 60 நிமிடம் காத்திருந்துதான் அந்த வேலையைத் தொடங்கும். ஆகவே பத்து நிமிடத்தில் 'எல்லாம் சரி' என்று எழுந்து போய்விடக்கூடாது. அந்த நேரத்தில் கிடைக்கும் எண்தான் அந்த க்ளஸ்டரின் உண்மையான வேகம். மற்றதெல்லாம் இழுப்பறையில் கிடக்கும் வவுச்சர்கள்.

சம்பளப் பட்டியலோ, மருத்துவமனைக் குறிப்போ, யாரோ ஒருவரின் மதிப்பெண்ணோ, 'ஆயிற்று' என்ற அந்தச் சின்னப் பதிலை நம்பித்தான் மனிதர்கள் திரையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பேரேட்டில் ஏறாததற்கு ரசீது கொடுக்காமல் இருக்கவேண்டும். அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். வேகம் அதற்கு அடுத்தது.