எந்தக் கருத்துக்கு?

திருநெல்வேலியிலிருந்து கடலோரத்திலுள்ள நமது பங்கிற்குத் திரும்பும்போதெல்லாம் ஆழ்வார்திருநகரியைக் கடக்கிறோம். அங்குள்ள புளியமரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் வாய் திறவாதிருந்தார் என்பதும், மதுரகவியின் வினா அம்மௌனத்தைக் கலைத்தது என்பதும் வைணவ மரபு. இறைவனின் மௌனத்தை எந்த வினா கலைக்கும் என்று அவ்வூரைக் கடக்கையில் எண்ணுவதுண்டு.

நமது பங்கில் ஒரு தாய். கடலுக்குச் சென்ற மகன் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் பூசைக் காணிக்கையுடன் வருவார். "நலமாய்த் திரும்பி வர" என்று பதிவேட்டில் எழுதுவோம். நான்காம் ஆண்டு, கனிவாகத்தான் கேட்டோம்: "ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று எழுதட்டுமா அம்மா?"

"கடவுளே இன்னும் ஒண்ணும் சொல்லல. நீங்க ஏன் சாமி அவசரப்படுறீங்க?"

குருமடத்தில் கற்ற இறையியல் அனைத்தும் அப்போது கைகொடுக்கவில்லை. ஆறுதல் சொல்லியே பழகிய நாவுக்கு மௌனத்தைக் கண்டால் பொறுப்பதில்லை. திருச்சபையோ அவ்வாறன்று. இருளிலேயே முடிந்துவிடும் 88-ஆம் திருப்பாடலை வெள்ளிதோறும் இரவுச் செபத்தில் நம் கையில் தருகிறது. எத்தனை வெள்ளிகள் அதை விரைந்து ஓதிவிட்டு உறங்கியிருக்கிறோம்!

அன்றிரவு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரை நினைத்துக்கொண்டோம். 1658-இல் ஒல்லாந்தர் அங்கிருந்த குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரண தண்டனை என்றனர். 1687-இல்தான் நமது தூத்துக்குடியிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் கடல் கடந்தார். 2015-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே. கழுத்தில் செபமாலை அணிந்து, இரவலராய் வீடு வீடாகச் சென்று, அதனை அறிந்துகொள்வோர் எவர் எனத் தேடினார்.

இடையில் 29 ஆண்டுகள். வரலாறு படிக்கும் நமக்குத்தான் அது ஓர் எண்; 1670-இல் வாழ்ந்தவனுக்கு அதன் முடிவு தெரியாது. அடிகளாரின் வருகையை மறையுரையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அதற்கு முன்னரே காத்திருந்து கண்மூடியவர்களைப் பற்றி ஒருமுறையும் சொன்னதில்லை. அவர்கள் வாசலுக்கு எந்தக் குருவும் வரவில்லை. ஆயினும் அச்செபமாலையை அறிந்துகொள்ளப் பிள்ளைகள் இருந்தார்களே, அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

இவ்வாண்டும் அத்தாய் வந்தார். இம்முறை நாம் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டை விரித்து வைத்துக் காத்திருந்தோம். நெடுநேரம் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பேரை மட்டும் எழுதுங்க சாமி" என்றார்.

எழுதினோம். கருத்துக்குரிய கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.